வெயில் தவம், பூனைத் தவம்

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. செமஸ்டர், லேப் ரெக்கார்டு, தினமும் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் நின்றுகொண்டே போய் வருவது என்று நாட்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன். கோபம் வந்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கடலோரக் குப்பத்தில் குடியிருக்கிறார். சிற்பக்கடை ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. மூன்று வருடம் முன்பு ஒரு நாள் இடது கண்ணில் பார்வை புகைமூட்டமாகிவிட்டது. கண்ணை அசைத்தால் வலி. அது கொஞ்சம் சரியானது. ஆறு மாதம் கழித்து கால் மரத்துப்போனது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகுத் தண்டு நீர்ப் பரிசோதனை எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் சொன்ன பெயர் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ். ஊசி ஆரம்பித்தார்கள். இரண்டு வருடம் பிரச்சினை இல்லாமல் போனது.

அப்புறம் மாமா ஒருத்தர் வீட்டுக்கு வந்தார். கையில் செல்போன், செல்போனில் வாட்ஸ்அப்.

"ஏம்மா, வெயில் ஊர்ல இருந்துகினு இன்னாத்துக்கு இவ்ளோ காசு குடுத்து ஊசி போட்டுக்கற? இதெல்லாம் வைட்டமின் டி குறைச்சல்தான். வெள்ளைக்காரனுக்கு வெயில் இல்ல, அவனுக்கு இந்த வியாதி வருது. உனக்கு இன்னா குறைச்சல்? மத்தியானம் போய் மணல்ல நில்லு."

கூடவே, வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர்கள் எழுதித் தரும் 60,000 யூனிட் பாக்கெட்டை தினமும் பாலில் கலந்து குடிக்கச் சொன்னது அந்த வாட்ஸ்அப். ஊசியை நிறுத்தினால்தான் "உடம்பு தானாகக் குணமாகுமாம்".

அக்கா நின்றார். உச்சி வெயிலில், மணலில், ஒரு மணி நேரம். இரண்டாவது வாரம் கண் மங்கி, கால் மடங்கி அங்கேயே விழுந்தார். நிழலில் படுக்க வைத்து ஈரத்துணி போட்டதும் பார்வை திரும்பிவிட்டது. "கெட்டது வெளியேறுது" என்று அதற்கும் ஒரு விளக்கம் வந்தது. ஊசி நிறுத்திய நாலாவது மாதம் நிஜமாகவே நோய் திரும்பியது. இந்த முறை வலது கை. ரத்தத்தில் கால்சியமும் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இப்போது மறுபடி சிகிச்சையில் இருக்கிறார். ஆனால் கை முழுதாகத் திரும்பவில்லை. கணக்கு நோட்டில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறார்.

மாமாவைத் திட்ட இதை எழுதவில்லை. அக்கா விழுந்த அன்று ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அவர்தான். நான் சண்டைக்குப் போவது அவர் நம்பிய அந்த வாதத்தோடு. ஏனென்றால் அந்த வாதம் முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. முழுப் பொய்யை யாரும் எளிதில் நம்பமாட்டார்கள், பாதி உண்மைதான் ஆளைக் கவிழ்க்கும்.

முதலில் அந்தப் பாதி உண்மையை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எம்.எஸ். என்பது நம் நோய் எதிர்ப்புப் படை நம்மையே தாக்கும் வியாதி. மூளை, முதுகுத் தண்டு நரம்புகளைச் சுற்றி மயலின் என்று ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, மின்கம்பியின் ரப்பர் உறை மாதிரி. வெள்ளணுக்களில் ஒரு வகையான டீ-செல்கள் அந்த உறையை எதிரி என்று நினைத்துப் பிய்க்கின்றன. (தமிழில் எழுதினால் செல்லும் டி, வைட்டமினும் டி. குழப்பம் வேண்டாமென்று செல்லை டீக்கடை 'டீ' போட்டு எழுதுகிறேன் :-) ) உறை போன இடத்தில் சேதி தடுமாறுகிறது. அது கண் நரம்பாக இருந்தால் பார்வை, தண்டுவடமாக இருந்தால் கை கால்.

வைட்டமின் டி இதில் எங்கே வருகிறது? வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் படும்போது அங்கிருக்கும் கொலஸ்ட்ரால் வகைப் பொருளொன்று வைட்டமின் டி ஆகிறது. கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் இன்னொரு மாற்றம், பிறகுதான் அது வேலை செய்யும் ஹார்மோன். எலும்புக்கு கால்சியம் சேர்ப்பது அதன் பழைய வேலை என்று பள்ளிக்கூடத்திலேயே படித்தோம். பள்ளிக்கூடத்தில் சொல்லாதது இதுதான்: டீ-செல்களுக்கு உள்ளேயும் இந்த ஹார்மோனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. சோதனைக்கூடத்தில் டீ-செல்கள் மீது இதை ஊற்றினால் தாக்கும் ரகம் அடங்குகிறது, அடக்கி வைக்கும் ரகம் கூடுகிறது. 1996-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் கேன்டோர்னா, ஹேஸ், டெலூக்கா என்ற மூவர், எம்.எஸ். போன்ற வியாதி வரவழைக்கப்பட்ட எலிகளுக்கு இந்த ஹார்மோனைக் கொடுத்து வியாதி முற்றுவதைத் தடுத்துக் காட்டினார்கள்.

மனிதர்களிடமும் தடயம் உண்டு. பூமத்திய ரேகையை விட்டு விலகிப் போகப் போக எம்.எஸ். கூடுகிறது. நார்வேயில் உள்நாட்டு விவசாயிகளைவிட மீன் தின்னும் கடலோர மக்களிடம் இது குறைவு என்று 1952-லேயே ஸ்வாங்க் என்பவர் எழுதினார். 2006-இல் மங்கர் குழுவினர் 70 லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படைவீரர்களின் பதிவுகளில் தேடி, எம்.எஸ். வந்த 257 பேரின் பழைய ரத்த மாதிரிகளைச் சோதித்தார்கள். வெள்ளையர்களில், வைட்டமின் டி அதிகமாக இருந்தவர்களுக்கு நோய் வாய்ப்பு குறைவாக இருந்தது. 2015-இல் கனடாவில் மரபணுவை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் வலுவானது: பிறவியிலேயே வைட்டமின் டி குறைவாக அமையும் மரபணுக்கள் கொண்ட ஐரோப்பிய வம்சாவளியினருக்கு எம்.எஸ். வாய்ப்பு அதிகம்.

ஆக, வைட்டமின் டி-க்கும் எம்.எஸ்.ஸுக்கும் சம்பந்தம் உண்டு. ஒத்துக்கொள்கிறேன். இங்கேதான் வாட்ஸ்அப் ஆசாமி ஒரே தாவாகத் தாவுகிறார்: "சம்பந்தம் உண்டு, அதனால் இதுதான் மருந்து, அதனால் அந்த மருந்து வேண்டாம்."

முதல் கேள்வியை நம் ஊரை வைத்தே கேட்போம். வைட்டமின் டி குறைவுதான் எம்.எஸ்.ஸுக்குக் காரணம் என்றால் எங்கே எம்.எஸ். குவிந்திருக்க வேண்டும்? இங்கேதான்! திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வயலில் வேலை பார்க்கும் கிராமத்துப் பெண்களிலேயே சுமார் 70 சதவீதம் பேருக்கு வைட்டமின் டி குறைவு. இத்தனைக்கும் திருப்பதி நமக்கு வடக்கே ஒரு டிகிரி அட்சரேகைதான், அதே வெயில். கறுத்த தோலில் கதிர் இறங்க நேரமாகும், உடம்பை மூடும் உடை, சாப்பாட்டில் கால்சியம் போதாமை என்று பல காரணங்கள். சரி, இத்தனை பேருக்குக் குறைவாக இருக்கிற தென்னிந்தியாவில் எம்.எஸ். எவ்வளவு? மங்களூரில் எடுத்த கணக்கு லட்சத்துக்கு சுமார் 8 பேர். வட ஐரோப்பாவின் பல நாடுகளில் லட்சத்துக்கு நூறு, இருநூறு என்று போகிறது. குறைவு இங்கே, நோய் அங்கே! அப்படியென்றால் வேறு எதுவோ பெரிதாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த "வேறு எதுவோ"வில் ஒன்று 2022-இல் தெளிவாகத் தெரிந்தது. ஒரு கோடி அமெரிக்கப் படைவீரர்களை இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வில், எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியது. மரபணு, வைரஸ், புகை பிடிப்பது, இளவயது உடல் பருமன், வைட்டமின் டி எல்லாம் சேர்ந்த கூட்டுக் களவாணித்தனம் இது. ஒருத்தனை மட்டும் பிடித்துவிட்டு கேஸை மூட முடியாது. அந்த 2006 ஆய்விலேயே கறுப்பின, ஹிஸ்பானிய வீரர்களிடம் வைட்டமின் டி தொடர்பு தெரியவில்லை. அவர்கள் எண்ணிக்கை குறைவு, அதனால் அதுவே முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் வெள்ளைத் தோலில் கிடைத்த கணக்கை அப்படியே குப்பத்து அக்காவுக்கு ஒட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியம். நோய் வராமல் தடுப்பது வேறு, வந்ததைக் குணமாக்குவது வேறு. கூரையை ஒழுங்காக வேய்ந்திருந்தால் மழை ஒழுகியிருக்காது. அதற்காக வீட்டுக்குள் முட்டளவு தண்ணீர் நிற்கும்போது கூரை மேல் ஏறி ஓலை வைத்துக்கொண்டிருந்தால் தண்ணீர் வடியுமா?

வடிகிறதா என்று மனிதர்களிடமே சோதித்தார்கள். ஐரோப்பாவில் நடந்த சோலார் என்ற சோதனை: 229 பேர், இன்டர்ஃபெரான் ஊசியோடு சேர்த்து தினமும் 14,000 யூனிட். 2019-இல் முடிவு வந்தது, எதிர்பார்த்த முக்கியப் பலன் இல்லை. அமெரிக்காவில் விடாம்ஸ்: 172 பேர், ஊசியோடு தினமும் 5,000 யூனிட் ஒரு சாராருக்கு, 600 யூனிட் மறு சாராருக்கு. 2023 முடிவு, நோய் திரும்புவதில் வித்தியாசம் இல்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் பிரிவான்ஸ்: முதல் அறிகுறி மட்டும் வந்தவர்களுக்கு 10,000 யூனிட் வரை கொடுத்துப் பார்த்தார்கள். 2024 முடிவு, பலனில்லை.

எனக்கு வசதியானதை மட்டும் சொல்லிவிட்டு ஓடமாட்டேன். 2025-இல் பிரான்சிலிருந்து ஒரு நல்ல செய்தியும் வந்தது. முதல் அறிகுறி வந்து, வேறு மருந்து எதுவும் ஆரம்பிக்காத 303 பேர். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 1,00,000 யூனிட் ஒரு சாராருக்கு, வெறும் மருந்து மறு சாராருக்கு. இரண்டு வருடத்தில் நோயின் அசைவு தெரிந்தது வைட்டமின் பக்கம் 60.3 சதவீதம், மறுபக்கம் 74.1 சதவீதம். கவனிக்க வேண்டிய வித்தியாசம்தான். ஆனால் அது பெரும்பாலும் ஸ்கேனில் தெரிந்தது, கை கால் விழும் அளவுக்கு நோய் திரும்புவதில் உறுதியான வித்தியாசம் இல்லை. அப்புறம் அந்த எண்ணையே மறுபடி படியுங்கள். வைட்டமின் சாப்பிட்டவர்களிலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு நோய் அசைந்திருக்கிறது! இதை நம்பியா ஊசியை நிறுத்துவது?

"சோதனைக்கூடத்தில் வேலை செய்தது, எலியில் வேலை செய்தது, மனுஷனில் மட்டும் ஏன் செய்யாது?" என்று நம் வகுப்பிலேயே ஒருத்தன் கேட்டான். பதிலுக்கு அவனை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக வேண்டியதில்லை. நாம் தினமும் போகிற ரயிலிலேயே காட்டலாம்.

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவில் 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அதன் பெயரை யாராவது யோசித்திருக்கிறோமா? 1928-இல் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே காசநோய் சானடோரியம் ஆரம்பித்தார். அதற்கு முன் இங்கிலாந்தில் அவர் நடத்திய சானடோரியத்தில் கணித மேதை ராமானுஜனே 1917-இல் கொஞ்ச காலம் சிகிச்சைக்கு இருந்தார். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு, இவைதான் காசநோய்க்கு மருந்து என்று அன்று உலகமே நம்பியது. மருந்து கண்டுபிடித்த பிறகும் அந்த நம்பிக்கை போகவில்லை. அதைச் சோதித்தது நம் சென்னைதான். 1956-இல் ஆரம்பித்த ஆய்வில் 193 ஏழை நோயாளிகளில் ஒரு பாதியை சானடோரியத்தில் வைத்தார்கள், மறு பாதியை அவரவர் நெருக்கடியான வீட்டிலேயே விட்டார்கள். இரு பக்கமும் அதே மாத்திரை. 1959-இல் முடிவு: பலன் கிட்டத்தட்ட ஒன்றுதான். வேலை செய்தது மாத்திரை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாக அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம்.

அடுத்தது அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே. பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்கும் என்று கோடிக்கணக்கான பேருக்குப் போட்டாகிவிட்டது. இருந்தாலும் 1968 முதல் 1971 வரை இங்கே இரண்டரை லட்சம் பேருக்கு மேல், சிலருக்கு ஊசி, சிலருக்கு வெறும் ஊசி என்று போட்டு வருடக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் மாதிரியான கடுமையான காசநோயைத் தடுப்பதால்தான் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். ஊசி கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொன்னது நம் மாவட்டத்து மண்.

மூன்றாவது, இதே வைட்டமின் டி. 2006-இல் ஒரு அழகான கண்டுபிடிப்பு வந்தது: நம் வெள்ளணுக்கள் வைட்டமின் டி-யைக் கொண்டு ஒரு புரதம் தயாரித்து காசநோய்க் கிருமியைக் கொல்கின்றன. "ஆகா, அந்தக் காலத்து வெயில் வைத்தியத்தின் ரகசியம் இதுதான்" என்று எல்லோரும் துள்ளினார்கள். காசநோயாளிகளுக்கு மாத்திரையோடு 1,00,000 யூனிட் வீதம் நான்கு முறை கொடுத்துப் பார்த்தார்கள், வேலூர் சி.எம்.சி. டாக்டர்களும் சேர்ந்து நம் நாட்டிலேயே நடத்திய சோதனை. 2015-இல் முடிவு: சளியில் கிருமி சீக்கிரம் மறையவில்லை.

மூன்று கதைக்கும் ஒரே நீதி. "இப்படித்தான் வேலை செய்யும்" என்ற விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மருந்து ஆகிவிடாது. ஆளுக்குக் கொடுத்து, கொடுக்காதவரோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வரை அது வெறும் விளக்கம்தான். உலகத்துக்கே இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பை நம்பி ஊசியை நிறுத்துகிறோமே என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

"வெயிலில் நிற்பதால் என்ன கெட்டுவிடப் போகிறது?" என்பது அடுத்த வாதம். மற்றவர்களுக்கு ஒன்றும் கெடாமல் இருக்கலாம். எம்.எஸ். உள்ளவருக்கு அப்படி இல்லை. உறை கிழிந்த நரம்பில் சூடு ஏறினால் சேதி இன்னும் தடுமாறும். 1890-இல் ஊட்டோஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார். உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும், புதிதாக நரம்பு கெடுவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் நடுரோட்டிலோ, மாடிப்படியிலோ, அடுப்பு முன்னாலோ நின்றால் என்ன ஆகும்? அக்கா மணலில் விழுந்ததால் தப்பித்தார். எம்.எஸ். நோயாளிகள் வெயிலைத் தவிர்ப்பதற்கே இது ஒரு காரணம். வெயிலில் போகாததால் வைட்டமின் குறைகிறது, அதைப் பார்த்துவிட்டு "குறைவால்தான் நோய்" என்கிறோம். குதிரைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுவது மாதிரி இல்லையா?

"வைட்டமின் தானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்." போகாது! தண்ணீரில் கரையும் பி, சி வேறு. டி கொழுப்பில் கரைவது, உடம்பிலேயே தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கல், சிறுநீரகமே செயலிழப்பது வரை போகும். பிரேசிலில் ஒரு நரம்பியல் டாக்டர் ஆரம்பித்த ராட்சத டோஸ் முறையைப் பின்பற்றி சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே வந்திருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள், தோலில் வெயில் பட்டு உண்டாகும் வைட்டமின் இப்படி விஷமாகாது, அதிகமானால் தோலே அழித்துவிடும். பாக்கெட்டுக்கு அந்தப் புத்தி கிடையாது.

"எல்லாம் மருந்துக் கம்பெனி சதி." நான் மேலே சொன்ன பிரெஞ்சு சோதனை வைட்டமினுக்கு நல்ல பெயர் வாங்கிக்கொடுத்தது, உலகின் பெரிய மருத்துவ இதழ் ஒன்றிலேயே வெளியானது. மறைத்தார்களா? கம்பெனிகள் புனிதர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாக்கெட்டை விற்பதும் கம்பெனிதான் சாமி.

ஒரு வாதத்துக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. பெரியம்மா சொன்னது: "வெயிலுக்குக் காசு குடுக்க வேணாம். ஊசிக்கு நகையை வெச்சேன்." அந்த வாட்ஸ்அப் ஏன் விலை போகிறது என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டுமா? 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. 1985 முதல் இந்திய மல்டிபிள் ஸ்கிளரோசிஸ் சங்கம் இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு. நம் கோபம் போக வேண்டிய இடம் மருந்து விலையும் அரசு உதவியும். வெயிலில் நிற்கச் சொல்வது அந்தக் கேள்வியையே கேட்காமல் விட்டுவிட ஒரு சுலப வழி. அதோடு, நோய் திரும்பினால் "நீ சரியாக வெயிலில் நிற்கவில்லை" என்று பழியும் நோயாளி தலையிலேயே விழும். அக்காவைக் கைவிழுந்ததைவிட அதிகமாக அழ வைத்தது அந்த ஒரு வார்த்தைதான்.

அப்படியானால் வைட்டமின் டி வேண்டவே வேண்டாமா? அப்படிச் சொல்லவில்லை. ரத்தப் பரிசோதனையில் குறைவு என்றால் டாக்டர் சொல்கிற அளவில், சொல்கிற நாள் வரை எடுக்க வேண்டியதுதான். அக்காவும் இப்போது எடுக்கிறார், ஊசியோடு. எலும்புக்கு நிச்சயம் நல்லது, நோய்க்கும் ஒருவேளை கொஞ்சம் உதவலாம். மத்தி மீன், கானாங்கெளுத்தி கிடைத்தால் குழம்பு வையுங்கள், இந்தக் கடற்கரையில் அதற்கா பஞ்சம்? ஆனால் அது துணை. துணையைத் தளபதி ஆக்காதீர்கள்.

போன ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். சாயந்திரம் வெயில் தாழ்ந்ததும் இருவரும் மெதுவாக அர்ச்சுனன் தபசு வரை நடந்தோம். பாறையில் ஒற்றைக் காலில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறவர் இருக்கிறாரே, அவரைக் காட்டி, "நானும் இப்படித்தான் நின்னேன்" என்று சிரித்தார். கீழே ஒரு பூனையும் அதே மாதிரி கை தூக்கி நிற்கும், அதை நம்பி சுற்றிலும் எலிகள். தவசியும் பூனையும் தூக்கிய கையில் வித்தியாசமே தெரியாது.

எலிகள்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, உயிர்வேதியியல் படிக்கும் மாணவன். யாரும் இதைப் படித்துவிட்டு மருந்தை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம். உங்கள் நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள். அக்காவின் சம்மதம் வாங்கித்தான் எழுதினேன். "எழுது, ஆனா மாமாவைத் திட்டாதே" என்றார். திட்டவில்லை அக்கா.